பெயருள்ள முகமும் பெயரில்லாத முகமும்

(மூலக்கொத்தளத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று சென்ற நூற்றாண்டுகளின் உருவப்படங்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்திருந்தோம். அதைக் கேட்டுவிட்டுச் சற்று முன்பு வாசலில் ஒரு பெரியவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "கூலியைப் பற்றிப் பேசுவீர்கள், ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தால், ராஜாக்கள் படத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதிலுக்கு நாங்களும் ஒரு கேள்வி கேட்டோம்: "ஐயா, உங்கள் பாட்டனார் படம் வீட்டில் இருக்கிறதா?"

"அப்பாவுக்கே ஒரு படந்தான். அதுவும் ஆலை அடையாளச் சீட்டிலிருந்து பெரிதாக்கியது. பாட்டனுக்கு ஏது படம்?" என்றார் அவர்.

அந்தப் பாட்டனைப் பெற்றவர் உயிரோடு இருந்த காலத்தில் இந்தப் பட்டணத்தை ஆண்ட கவர்னர்களின் முகம் இன்றும் இருக்கிறது. ஆளுயரத்துக்கு, எண்ணெய் வர்ணத்தில், தங்கமுலாம் பூசிய சட்டத்தில் இருக்கிறது. கோட்டைக்குள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனால் அப்படிப்பட்ட படங்களை வரிசையாகக் காணலாம். ஒருவனுக்கு முகம் மிஞ்சியது, இன்னொருவனுக்கு மிஞ்சவில்லை. இது தற்செயலாக நடந்ததா? இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரையே பாருங்கள். மூலக்கொத்தளம். கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் மதில் எழுப்பினான். அதன் மூலையில் நின்ற கொத்தளத்தின் பெயர் இது. மதில் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. மதிலைக் கட்டச் சொன்ன துரைமார்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

உருவப்படம் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம். ஓவியர் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பூச்சு கொடுத்து நிமிர்த்தி வைப்பார். எதிரே நாற்காலியில் ஒருவர் உட்காருவார். ஒரு நாளில் முடியாது. மணிக்கணக்காக, பல நாட்கள் உட்கார வேண்டும். முகத்துக்கும் கைக்கும் ஆள் நேரில் வேண்டும். உடுப்புக்கு வேண்டாம், கோட்டை வேறொருவருக்கு மாட்டிவிட்டும் வரையலாம். எண்ணெய் வர்ணம் காயவும் நாட்கள் பிடிக்கும்.

ஆகவே உருவப்படத்துக்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று பணம், மற்றொன்று ஓய்வு. பகல் வேளையில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? நெசவாளியால் முடியுமா? நாற்று நடுகிற பெண்ணால் முடியுமா? ஆக, யார் முகம் மிஞ்சும் என்ற முடிவு தூரிகையைத் தொடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

படத்துக்குள் வைக்கிற பொருள்களுக்கும் ஒரு வாய்பாடு உண்டு. பின்னால் ஒரு கல்தூண், பக்கத்தில் மடிப்பு மடிப்பாகச் சிவப்புத் திரை, மேஜைமேல் காகிதச் சுருள், இடுப்பிலே வாள். "நான் ஆளப் பிறந்தவன்" என்று அந்தத் தூணும் திரையும் சொல்லும். அப்படிச் சொல்லத்தான் அவற்றுக்குக் கூலி.

சென்னையில் இந்தத் தொழிலுக்கு வெள்ளைக்கார ஓவியர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் ஹிக்கி. அயர்லாந்துக்காரர். 1798-இல் இங்கே வந்தார். 1824-இல் சென்னையிலேயே இறந்தார். 1799-இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்ட பிறகு, அந்தப் போரில் இருந்த ஆங்கில அதிகாரிகள் ஐம்பது பேருக்கு மேல் சுண்ணக்கோலால் வரைந்தார். திப்புவின் பிள்ளைகளையும் வரைந்தார். அதிகாரிகள் வெற்றிக் களிப்பில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளோ சிறைப்பட்டவர்கள். "எங்களை வரைய வேண்டாம்" என்று சொல்லும் நிலையிலா அவர்கள் இருந்தார்கள்? இரண்டும் உருவப்படம் என்றே பெயர் பெறும். ஆனால் ஒன்று விரும்பி உட்கார்ந்தது, மற்றொன்று உட்கார்த்தி வைத்தது. இந்த வேறுபாட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெற்றியைக் கொண்டாடக் கட்டிய மண்டபந்தான் 1802-இல் திறந்த விருந்து மண்டபம். இன்று அதை ராஜாஜி மண்டபம் என்கிறோம். அதன் சுவர்களில் கவர்னர்களின் படங்களை மாட்டினார்கள். விருந்துக்கு வரும் நம் நாட்டு ஜமீன்தார் நிமிர்ந்து பார்த்தால், நாலு பக்கமும் துரைமார்கள் கீழே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலங்காரம் என்று அதைச் சொன்னார்கள். எங்களுக்கு அது காவல் போலத் தோன்றுகிறது.

பின்னால் நின்ற மூவர்

ஹிக்கி 1816-இல் வரைந்த படம் ஒன்று லண்டனில் இருக்கிறது. கர்னல் காலின் மெக்கன்சியின் படம். நிலம் அளந்தவர், நாடெங்கும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தவர். அவர் சேர்த்தவற்றில் ஒரு பெரும் பகுதி இன்றும் சென்னையில் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை.

படத்தில் மெக்கன்சி சிவப்புச் சட்டையோடு நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி நம் நாட்டவர் மூவர். ஒருவர் தொலைநோக்கியைப் பிடித்திருக்கிறார். ஒருவர் கையில் பனையோலைச் சுவடி. மெக்கன்சிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஊர் ஊராகப் போய்க் கேட்டவர்கள், படித்தவர்கள், எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள் எல்லாரும் இவர்களைப் போன்ற நம்மவர்கள். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா என்ற சகோதரர்கள் அந்த வேலைக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள்.

ஆனால் படத்துக்குப் பெயர் "கர்னல் மெக்கன்சி" என்பதுதான். பக்கத்தில் நிற்கிறவர்கள் யார் யார் என்பதை வெகுகாலத்துக்குப் பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் தேடித் துருவிச் சொல்ல வேண்டியிருந்தது. அறிவு அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. சட்டத்துக்கடியில் எழுதிய பெயர் துரையுடையது. ஆலையில் நெய்த துணியில் முதலாளியின் முத்திரை விழுகிறதே, அதே கணக்குத்தான்.

ஒரே தலை, பல தொழில்

அப்படியானால் உழைக்கிற ஜனங்களை அந்தக் காலத்தில் யாருமே வரையவில்லையா? ஏராளமாக வரைந்தார்கள்! தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் இருந்த நம் ஊர்ச் சித்திரக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கென்றே தொகுப்புத் தொகுப்பாகப் படங்கள் போட்டார்கள். நெசவாளியும் அவன் மனைவியும், வண்ணானும் அவன் மனைவியும், குயவனும் அவன் மனைவியும், கள் இறக்குகிறவனும் அவன் மனைவியும் என்று ஜோடி ஜோடியாக இருக்கும். கையிலே அவரவர் கருவி. உடை சரியாக இருக்கும், கருவி சரியாக இருக்கும், மூட்டை கட்டிய முடிச்சுக்கூடச் சரியாக இருக்கும். அடியிலே சாதியின் பெயர் எழுதியிருக்கும். ஆளின் பெயர் மட்டும் இருக்காது.

அப்பிரகத் தகட்டின்மேல் வரைந்த படங்களும் உண்டு. காக்காப்பொன் என்று கிராமத்தில் சொல்லுகிறோமே, அந்தத் தகடு. திருச்சிராப்பள்ளி அதற்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்துத் தகட்டுப் படத் தொகுப்புகளில் ஒரு விந்தை உண்டு. ஓர் அட்டையில் ஒரு தலையை மட்டும் வரைந்திருப்பார்கள். கண்ணாடி போன்ற தகடுகளில் உடம்பும் உடையும் மட்டும் இருக்கும். முகத்துக்கு உரிய இடம் வெறுமையாக இருக்கும். தகட்டை அட்டைமேல் வைத்தால் அந்தத் தலை வண்ணானாகும். எடுத்துவிட்டு வேறு தகட்டை வைத்தால் அதே தலை சேவகனாகும். இன்னொன்றை வைத்தால் தண்ணீர் சுமப்பவனாகும்.

விளையாட்டுப் பொருள்தான். துரைசாணிகள் சீமைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கவர்னருக்கு ஒரு முகம். அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பிடிக்க ஓவியர் பல நாள் பாடுபடுகிறார். உழைப்பவர்கள் எத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே முகம்! நம்மைப் பார்த்தவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமேல் இருந்த மூட்டையைப் பார்த்தான்.

வரைந்த சித்திரக்காரர்களைக் குறை சொல்லலாமா? கூடாது. மன்னர்களின் ஆதரவு குறைந்து, வயிற்றுப்பாட்டுக்காக வரைந்தவர்கள் அவர்கள். அந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றில் அவர்களுடைய பெயரும் கிடையாது. வரையப்பட்டவனுக்கும் பெயரில்லை, வரைந்தவனுக்கும் பெயரில்லை. வாங்கியவனின் பெயர் மட்டும் காகிதத்தில் இருக்கிறது.

ரவிவர்மாவும் கவர்னரும்

இனி நம் எல்லாருக்கும் தெரிந்த ஓவியர் ஒருவரிடம் வருவோம். ரவிவர்மா. 1848-இல் திருவிதாங்கூரில் கிளிமானூரில் பிறந்தவர், 1906-இல் காலமானார். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படமாகக் குடிசைக் குடிசைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவருடைய பிழைப்பில் பெரும்பங்கு உருவப்படத்தால் வந்தது.

அவர் எண்ணெய் வர்ணம் கற்ற கதை கேட்கத்தக்கது. அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்தார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே இடம் கிடைத்தது. ஆறுமுகம் பிள்ளை என்பவர், நாயக்கரிடம் தொழில் பயின்றவர், ஒருவருக்கும் தெரியாமல் வந்து வர்ணம் கலக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். ஆலையிலே மேஸ்திரி சொல்லித் தராததைப் பக்கத்துத் தறிக்காரன் சொல்லித் தருகிறான் அல்லவா? தொழில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ரவிவர்மா ஆயிரம் முகம் வரைந்தார். ஆறுமுகம் பிள்ளையின் முகத்தை நாம் எங்கே பார்ப்பது?

ரவிவர்மாவின் தம்பி ராஜராஜவர்மாவும் நல்ல ஓவியர். அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றி, படங்களுக்குப் பின்னணிக் காட்சிகளை எழுதி உதவினார். பட்டறையில் வேலை எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிவதே அவர் எழுதி வைத்த நாட்குறிப்பால்தான்.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மா கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். ஐந்தாண்டு கழித்து, 1878-இல், சென்னைக் கவர்னரையே ஆளுயரத்துக்கு வரைய அழைக்கப்பட்டார். படம் கவர்னர் மாளிகையில் மாட்டப்பட்டது. வெள்ளைக்கார ஓவியர்களே செய்துவந்த காரியத்தை நம் நாட்டவர் ஒருவர் செய்து காட்டினார். அது நமக்குப் பெருமைதான். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்த கவர்னர் யார்? பக்கிங்காம் பிரபு.

பெயரைக் கேட்டதும் இங்கே பல பேர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். உட்காராமல் என்ன செய்வீர்கள்! பெரம்பூரில் 1876-இல் பின்னி கம்பெனி தொடங்கிய பஞ்சாலைக்கு அந்தப் பெயர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-இல் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்ததும், கடைசியில் 1996-இல் கதவை இழுத்து மூடியதும் அந்த பி அண்ட் சி ஆலையில்தான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பேசின் பாலத்தண்டை, கறுத்து நாறிக்கொண்டு ஓடுகிறதே கால்வாய், அதற்கும் அந்தப் பெயர். ஆலைக்கு அவர் பெயர், கால்வாய்க்கு அவர் பெயர், சித்திரத்திலே அவர் முகம்.

அதே ஆண்டில் எடுத்த வேறு படங்கள்

அவர் 1875 முதல் 1880 வரை கவர்னர். அந்த ஐந்தாண்டுக்குள்தான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை மட்டுமா கொன்றது? ரயிலும் கப்பலும் தானியத்தை விலை கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோயின. கையில் காசில்லாதவன் மூட்டைக்கு அருகிலேயே செத்தான். சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது குறைந்த கணக்கு. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறியவர்கள் இதில் சேரவில்லை.

1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டில்லியில் தர்பார் நடந்தது. அதைப் பெரிய படமாக வரைய வால் பிரின்செப் என்ற ஓவியர் சீமையிலிருந்து வந்தார். சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய் மகாராஜாக்களை உட்கார்த்தி முகம் முகமாக வரைந்தார். நாடு எலும்பும் தோலுமாகக் கிடந்த ஆண்டில், வைரமாலைகளின் மினுக்கைப் பிடிக்க வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 1877-இன் தொடக்கத்தில் நிவாரண வேலைக்காரர்களுக்கு என்ன கூலி தெரியுமா? சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவு: நாள் முழுதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. இது உயிரைத் தாங்காது என்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பிறகே கூட்டினார்கள். அப்படிப்பட்ட பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78-இல் சென்னை நகருக்குள் சுமார் 5 மைல் கால்வாய் வெட்டப்பட்டது. வடக்கே 1806-லேயே வெட்டியிருந்த கால்வாயும் தெற்குக் கால்வாயும் அதனால் இணைந்தன.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கூலியைக் குறைத்தவர்களில் பக்கிங்காம் பிரபு முதல் ஆளல்ல. 1877 ஆகஸ்டில் அவர் சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி, சீமைக்கு உதவி வேண்டுகோள் அனுப்பினார். பெருந்தொகை திரண்டு வந்தது. ஒரு மனிதன் நல்லவனா கெட்டவனா என்பது இங்கே நம் பேச்சல்ல. மண்ணை வெட்டியவர்கள் ஒரு கூட்டம். கால்வாய்க்குப் பெயர் வேறொருவருடையது. அதுதான் பேச்சு.

மண் வெட்டியவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் அந்தக் காலத்துப் படம் இருக்கிறதா? இருக்கிறது. குதிரைப் படை அதிகாரி ஹூப்பர் என்பவர் புகைப்படப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படமெடுத்தார். விலா எலும்பை எண்ணலாம். தாய் மடியில் குழந்தை. குழந்தைக்குக் கிழவன் முகம். எல்லாரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்து எடுத்திருக்கிறார். தூணுமில்லை, திரையுமில்லை. அடியில் எழுதியது "நிவாரண முகாமில் இருப்பவர்கள்" என்ற மாதிரி. ஒருவருக்கும் பெயரில்லை.

இந்த ஹூப்பர் பிறகு பர்மாவுக்குப் போய், கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம்பிடிக்கப் பெட்டியைத் தயாராக வைத்ததற்காக 1886-இல் விசாரணைக்கு ஆளானவர். அவர் மனசு எப்படிப்பட்டது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று: "பஞ்சமா? அப்படியொன்றும் பெரிதாக இல்லை" என்று எவனும் சொல்ல முடியாதபடி இன்றைக்கும் சாட்சி சொல்லி நிற்பவை அந்தப் படங்களே. எடுத்தவன் நோக்கம் எதுவாயினும், அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நம் பாட்டனைப் பெற்றவர் இருக்கலாம். நமக்கு அடையாளம் தெரியாது. யாரும் பெயர் கேட்கவில்லை.

ராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றும் கிழவிகள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்லுகிறார்கள்? 1782 பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கிய ஞாபகம் அது. ஜனங்களுடைய உருவப்படம் சுவரில் இல்லை. இப்படி வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது. ரவிவர்மாவின் படம் மாட்டியிருந்த கவர்னர் மாளிகையையோ இடித்துவிட்டார்கள். அந்த ஓமந்தூரார் தோட்டத்தில் இப்போது சர்க்கார் ஆஸ்பத்திரி நடக்கிறது.

நம் சுவரிலே என்ன இருக்கிறது?

தோழர்களே! இதுவரை துரைமார்களின் சுவரைப் பார்த்தோம். இனி நம் சுவரையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு நேர்மையாக இராது.

நம் சங்கக் கட்டிடத்தில், மாடிப்படிக்கு எதிரே, ஒரு பழைய குழுப்படம் மாட்டியிருக்கிறது. ஒரு வேலைநிறுத்தம் முடிந்தபின் எடுத்தது. நாற்காலியில் ஏழு பேர் மாலையோடு இருக்கிறார்கள். அவர்கள் பெயர் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கிறது. பின்னால் இரண்டு வரிசையாக முப்பதுக்கு மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். கீழே தரையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது? "மற்றும் தோழர்கள்." அவ்வளவுதான்!

நாற்காலிக்குப் பெயர், நின்றவனுக்குப் பெயரில்லை. தரையில் இருந்தவளுக்கு அதுவுமில்லை. இதை எந்த வெள்ளைக்காரனும் செய்யவில்லை, நாமே செய்தோம். சென்ற மாதம் அந்தப் படத்தைக் கழற்றித் தூசி தட்டியபோது பெயர் கேட்டுப் பார்த்தோம். மூத்த தோழர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பதினொரு பேரை அடையாளம் சொன்னார்கள். பெண்களில் ஒருவரைத்தான் தெரிந்தது. அந்த அம்மையார் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இந்தக் கோடியில் இருப்பவள் நான்தான். பக்கத்தில் இருக்கிறவள் பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது" என்றார்.

அந்தப் பெயர் இன்னும் பத்து வருஷம் கழித்து யாருடைய நாக்கு நுனியில் இருக்கும்?

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அந்தப் படத்தை இதோ கீழே இறக்கி மேஜைமேல் வைத்திருக்கிறோம். பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருக்கின்றன. தலைக்கு ஓர் எண் போட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் எண்ணுக்கு நேரே பெயரை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், இளைஞர்கள் எழுதுவார்கள். வேலைத் துறையையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். வயல் வேலைக்குப் போகும் தோழர்கள் உங்கள் ஊரில் கலியாணப் படமோ, திருவிழாப் படமோ, எது இருந்தாலும் அதன் பின்பக்கத்தில் இருப்பவர்களின் பெயரைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மையால் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும்.

இதனால் கூலி உயருமா என்று வாசலில் கேட்ட பெரியவர் மறுபடியும் கேட்கலாம். உயராது, ஐயா. ஆனால் கூலி உயர்வதற்காக நின்றவர்கள் யார் என்று நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். உங்கள் தகப்பனார் அந்தப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார் என்று சொன்னீர்கள். முதலில் நீங்களே வாருங்கள். அவர் தலைக்குப் போட்டிருக்கும் எண் இருபத்தாறு.